யார் வடித்த சோறு

"அப்ப அன்னிக்கு நான் எங்கிட்டு இருக்குறது? மாட்டுக் கொட்டாய்லயா?"

"யாரு சொன்னா மாட்டுக் கொட்டாய்னு? த்வாண்டேக்குப் போ. உன் அக்கா வீட்டுல ரெண்டு நா இருந்துட்டு வா. தண்ணிப் பானை வாங்கணும்னு சொன்னேல்ல."

"பானை வாங்க நான் என்னிக்கு வேணா போவேன். அவங்க வர்ற அன்னிக்குத்தான் போகணுமா?"

"ஒரு வேளை சாப்பாடு, புஷ்பம். வருவாங்க, சாப்பிடுவாங்க, போயிருவாங்க."

"சோறு யாரு ஆக்குறது?"

"மாவ்பிலேர்ந்து காஞ்சி வர்றா."

"காஞ்சியா! அமலே, அம்மாடி! போன தடவ அவ வச்ச பருப்ப நம்ம செவலை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சே, மறந்துபோச்சா? அவளா வந்து சோறாக்கப் போறா?"

தன்வீர் பஸ்நேத் சிரித்தார். மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. அவள் மாட்டுத் தவிட்டில் கிடந்த சணல் நாரைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய தமினை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. இரங்கூன் மழை அப்படித்தான். வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்துகொள்வதைப் போல உட்கார்ந்துகொள்ளும்.

தின்கன்ஜூனில் அந்தச் சந்தின் கடைசி வீடு அவர்களுடையது. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, பின்பக்கம் நான்கு கறவை மாடுகள். தன்வீர் கோர்க்காச் சிப்பாயின் மகன். தானும் சிப்பாயாக இருந்தவர். யுத்தம் முடிந்த வருஷம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு இந்தச் சந்துக்கு வந்து, கோயில்பிள்ளை மகள் மரியபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டு, மாடு வாங்கிப் பால் ஊற்ற ஆரம்பித்தவர். சந்தில் எல்லோருக்கும் அவர் 'மில்டேரி'. தமிழை இந்தச் சந்தில்தான் கற்றார். அதனால் அவர் பேசும்போது நேப்பாளிச் சாயல் தெரியாது. பக்கத்து வீட்டுக் கனகாம்பாளின் சாயல்தான் தெரியும்.

"அவங்க பழைய ஆளுங்க," என்றார் தன்வீர். "வேற ஆளு கையால வடிச்ச சோத்த வாயில வைக்க மாட்டாங்க. ரொட்டி சாப்பிடுவாங்க, நெய்யில பொரிச்சது சாப்பிடுவாங்க, பால் குடிப்பாங்க. சோறு மட்டும் ஆகாது. அவங்க நம்ம வீட்டுல சோறு சாப்பிட்டாத்தான் நானி நம்ம பொண்ணுன்னு சாட்சி சொல்ல வருவாங்க."

"வேற ஆளா? நான் வேற ஆளா?"

"அவங்களுக்கு."

"உங்களுக்கு?"

"இதென்ன கேள்வி," என்று சொல்லிவிட்டு அவர் பால் தூக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

நானி என்று அவர் கூப்பிட்டது மகளை. ஞானஸ்நானத்தில் செசிலியா, வீட்டில் சிசிலி, சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் சயாமா சிசிலி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்துவிட்டு, தான் படித்த மடத்துப் பள்ளியிலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருஷம் பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கன்னியாஸ்திரீகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் போவதற்கு முன்னால் சிசிலிக்காக ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். அங்கே மண் வேதியியல் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகையும் இருந்தது. ஆனால் அது நேப்பாளி மாணவர்களுக்கென்று ஒதுக்கியது.

பர்மாவிலிருந்து அப்போது யாரும் தானாக வெளியே படிக்கப் போக முடியாது. அரசாங்கம் அனுப்புகிறவர்களில் கோர்க்காவுக்குத் தமிழச்சி பெற்ற பெண்ணின் பெயர் வரப்போவதில்லை. வேற்றுநாட்டவராகப் போகலாம். அப்படிப் போனால் திரும்பி வர வழியில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு மூன்று வருஷமாக மதராஸ் கப்பல்களில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அந்தச் சந்திலேயே பாதி வீடுகளின் கதவுகள் மாறி, வாசலில் வேறு ஆட்களின் செருப்புகள் கிடந்தன.

சிசிலி நேப்பாளியாகப் போகவேண்டுமென்றால் அவள் நேப்பாளி என்று யாராவது சொல்ல வேண்டும். நேப்பாளத் தூதரகத்தில் விசாரித்தபோது, சமூகப் பெரியவர்கள் வந்து சொன்னால் போதும் என்றார்கள். தின்கன்ஜூன் பக்கத்துக் கோர்க்காக் குடும்பங்களுக்கு ஒரு பஞ்சாயத்து இருந்தது. ஐந்து கிழவர்கள். தலைவர் ஹர்க்கராஜ் சுபேதார். தன்வீர் தமிழச்சியைக் கட்டிய நாளிலிருந்து அவர்கள் இந்த வீட்டுப் படி மிதித்ததில்லை.

அவர்கள்தான் சனிக்கிழமை வரப்போகிறார்கள்.

*

"என்னம்மா சொல்ற? நீ இருக்கக் கூடாதா?"

சிசிலி குடையை மடக்கக்கூட இல்லை. சேறு கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"கத்தாதடி. பெரியவங்க பழக்கம் அது."

"பழக்கமா? நேப்பாளத்துலயே அந்தச் சாதிச் சட்டம் போயாச்சும்மா. ராஜாவே மாத்தி நாலு வருஷமாச்சு. இந்தக் கெழவங்க நேப்பாளத்தக் கண்ணால பாத்ததில்ல. சுபேதார் பொறந்தது இங்கயே மேமியோவுல. இவங்க சொல்லி நான் நேப்பாளி ஆகணுமா?"

"ஆகணும். வேற யாரு சொன்னா நீ ஆவ? நான் சொன்னா ஆவியா?"

அம்மாவின் மடியில் கம்பளி நூல் உருண்டையாகக் கிடந்தது. அப்பாவின் பழைய பட்டாளத்துக் கம்பளிச் சட்டையைப் பிரித்து எடுத்த நூல். ஆஸ்திரேலியாவில் ஆடி மாதம் குளிரும் என்று சிசிலி சொன்ன நாளிலிருந்து அம்மா அவளுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆடியில் குளிரும் தேசத்தில் மார்கழியில் என்ன செய்வார்கள் என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"மார்கழில வேத்துக் கொட்டுமாம்மா. கிறிஸ்மஸ்க்கு விசிறி வேணும்."

"கர்த்தரே. அப்பறம் அந்த ஊர்ல மாட்டுக்கொட்டாய்ல பொறந்த பிள்ளைக்குப் போர்வை எதுக்குப் போத்துறாங்க?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் சிசிலிக்கு மறுபடி கோபம் வந்தது. அவள் அடிக்கடி ராத்திரியில் படுத்துக்கொண்டு அந்த ஊரை யோசித்துப் பார்ப்பாள். சிவப்பு மண், மைல்கணக்கில் ஆளில்லாத நிலம், கண்ணாடிக் குழாய்களில் அந்த மண்ணைக் கரைத்துப் பார்க்கும் தான். யாரும் தன்னை இந்தியாக்காரி என்று இளக்காரமாகக் காலாமா என்றோ கோர்க்காமா என்றோ கூப்பிடாத ஒரு அறை. அந்த அறைக்குப் போகிற வழி அம்மாவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பித்தான் திறக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

தன்வீர் வந்தார். உடம்பிலிருந்து பாலும் மழையும் கலந்த வாசனை அடித்தது. நேராக அடுப்படிக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டார். அந்த வீட்டில் சோறு வடிப்பது அவர் வேலை. குழம்பு, பொரியல், ஙாப்பி மீன்விழுது வறுப்பது, மீன் கழுவுவது எல்லாம் புஷ்பம். அரிசி களைந்து வைப்பதும் அவள்தான். களைந்த அரிசியை உலையில் இடுவதும், பதம் பார்ப்பதும், வடிப்பதும் அவர். வடித்த கஞ்சி செவலைக்குப் போகும்.

"அப்பா, அம்மா ஏன் த்வாண்டே போகணும்?"

"ஒரு நாளைக்குத்தான் நானி."

"அம்மா இல்லாத வீட்டுல நான் யாரு பொண்ணுன்னு சாட்சி சொல்வாங்க?"

"என் பொண்ணுன்னு."

"பாதிப் பொண்ணா?"

தன்வீர் அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. உனக்கு என்ன வேணும்னு நீதான் சொன்னே. வாசல் தொறந்திருக்கு. குனிஞ்சு போற வாசல். குனியணும்."

"நான் குனியல. அம்மாவக் குனியச் சொல்றீங்க."

"போதும்டி," என்றாள் புஷ்பம். "நான் குனியுறேன். எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கு. நீ போய்க் காலக் கழுவு."

*

வெள்ளிக்கிழமை அரசாங்கத்தின் மக்கள் கடையில் அரிசி போடுவார்கள் என்று செய்தி வந்தது. அந்த மழைக்காலத்தில் இரங்கூனில் அரிசி கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. நெல் விளைகிற தேசத்தில் சோற்றுக்கு வரிசை என்று பெண்கள் தலையிலடித்துக்கொள்வார்கள். ஆனால் மெதுவாக, கடைக்காரன் காதில் விழாதபடி. புஷ்பமும் கனகாம்பாளும் விடிவதற்குள் போய் நின்றார்கள். தலைக்குமேல் ஆளுக்கொரு எண்ணெய்த்துணி.

"இந்தச் சனியன் புடிச்ச அரிசில நாத்தம் வருதுடி."

"வரட்டும்க்கா. நாளைக்கு அவங்களுக்கு நல்ல அரிசி வேணும். நம்ம வீட்டுல இருக்குற பழசு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். இத நம்ம திங்கலாம்."

"நல்ல அரிசி அவங்களுக்கு. நாறுறது உனக்கு. அதுவும் அவங்க வந்து திங்கறப்ப நீ த்வாண்டேல!"

"நான் த்வாண்டேக்குப் போகலக்கா. உங்க வீட்டுலதான் உக்காரப் போறேன். அவருக்குச் சொல்லல."

கனகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்துச் செத்தவர். மகன்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை. ஏனென்று கேட்டால், 'அங்க யாரு இருக்கா என்னைய ஏசுறதுக்கு' என்பாள்.

"உக்காரு, தாராளமா உக்காரு. தட்டிக்கு இங்கிட்டு நீ, அங்கிட்டு அஞ்சு கெழம். நான் வேணா ஒரு கழியால தட்டியக் குத்தி விடவா?"

முன்னால் நின்ற மதீனா பீவி சிரித்தாள். "ஏம்மா புஷ்பம், உங்க வீட்டுல மில்டேரிதான சோறு வடிக்கிறாரு? அவரையே வரிசைல நிக்க விடறது."

"வடிக்கிறவரு வடிப்பாரு, நிக்கிறவ நிப்பா," என்றாள் புஷ்பம். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ தடவை சொன்ன கதைதான். "கட்டிக்கிட்டுப் போன மொத வாரம். எனக்கு அப்ப என்ன வயசு? உலைல தண்ணி அள்ளி ஊத்திக் கூழாக்கிட்டேன். அழுதுக்கிட்டு நின்னேன். இவரு வந்து பானைய எடுத்து, நீ சோத்துப் பக்கம் வராத, புகை உனக்கு ஆகல, இனிமே நான் பாத்துக்கறேன்னாரு. அன்னிக்குப் புடிச்ச அகப்பை. இன்னிவரைக்கும் விடல."

"எங்க வீட்டு ஆளு தண்ணி மோந்து குடிச்சதில்ல," என்றாள் மதீனா பீவி. "குடுத்து வச்சவ நீ."

"மூணு மாசப் பிள்ளைய வயித்துல வச்சிருந்தேன் பாருங்க, அப்ப விடியக்காலைல எந்திரிச்சு..."

வரிசை நகர்ந்தது. கதை பாதியில் நின்றது.

*

சனிக்கிழமை காலையில் காஞ்சி வந்தாள். தன்வீரின் ஒன்றுவிட்ட தம்பி மனைவி. மாவ்பியில் காய்கறி போடுகிறவள்; கூடை நிறைய முள்ளங்கியும் கீரையும் கொண்டுவந்திருந்தாள். வந்ததும் அடுப்படியைச் சாணமும் செம்மண்ணும் கரைத்து மெழுகினாள். புஷ்பத்தின் ஙாப்பிச் சாடியை இரண்டு விரலால் தூக்கி வெளியே மாட்டுக்கொட்டகையில் வைத்தாள். மிளகாய்ச் சட்டி, மீன் அரிகிற பலகை, சுவரில் தொங்கிய மாதா படம், ஒவ்வொன்றாக வெளியே போயின. மாதா படத்தை மட்டும் சிசிலி போய் எடுத்துத் துடைத்துத் தன் பெட்டிக்குள் வைத்தாள்.

புஷ்பம் கையில் ஒரு பையுடன் கிளம்பினாள். சந்து முனைவரை போய், சுற்றிக்கொண்டு பின்வழியாகக் கனகாம்பாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். போவதற்கு முன்னால் காலைப் பாலைக் கறந்து வைத்துவிட்டுத்தான் போனாள். தன்வீர் பந்தலுக்குத் தார்ப்பாய் தேடிப் போயிருந்தார், மாடுகள் கத்திக்கொண்டிருந்தன, கறக்காமல் எப்படிப் போவது?

கனகாம்பாள் வீட்டில் அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, வரிசையில் நின்று வாங்கிய அரிசியைக் கல் பொறுக்கிக் களைந்து உலையில் போட்டாள். சுண்டைக்காய் வற்றல் இருந்தது. புளி கரைத்தாள்.

"விருந்தாளி நீ. உக்காருடி."

"கை சும்மா இருந்தா காது நெறையக் கேக்கும்க்கா."

காது கேட்கத்தான் செய்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிச் சுவர்தான். ஐந்து கிழவர்களும் குடைகளோடு வந்தார்கள். தலைவர் முதலில், மற்றவர்கள் பின்னால். காலைக் கழுவினார்கள். ஆளுக்கொரு குவளை தேநீர் குடித்தார்கள். சுபேதார் பாலைப் புகழ்ந்தார். இரங்கூனில் தண்ணீர் கலக்காத பால் இந்த வீட்டில்தான் என்றார்.

"கறந்தது இங்க உக்காந்திருக்கா," என்று கனகாம்பாள் தட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்! கேட்டுறப் போகுது."

"கேக்கட்டும். பாலுக்குத் தீட்டு இல்ல, சோத்துக்குத்தான் தீட்டா? நல்ல கணக்குடி அது. எது அவங்களுக்குப் பிரியமோ அதுக்குத் தீட்டு இல்ல."

அந்தப் பக்கம் எல்லோரும் பந்தியில் உட்காரும் சத்தம் கேட்டது. இலை போட்டார்கள். ஐந்து பேரோடு ஆறாவதாகத் தன்வீரும் உட்கார்ந்தார். பிறகு சுபேதார் நேப்பாளியில் பேச ஆரம்பித்தார். கை நனைக்கும் முன்னால் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்றார். உன்னோடு ஒரே வரிசையில் இருந்து பாத் சாப்பிடப் போகிறோம். நீ சுத்தமாக இருக்கிறாயா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். அந்தப் பெண்பிள்ளை கையால் வடித்த சோறு உன் வாய்க்குள் போயிருக்கிறதா?

புஷ்பம் அகப்பையோடு நின்றாள். பாத் என்றால் சோறு. அவளுக்கு அது தெரியும். அவள் வீட்டில் பேசுகிற பாஷைதானே.

தன்வீர் சொன்னார். நிதானமாக, அதிகாரி முன்னால் நிற்கிற சிப்பாயின் குரலில் சொன்னார்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் கனகாம்பாள்.

புஷ்பம் தட்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"ஏய், என்ன சொல்றாருன்னேன்?"

"இல்லைங்கறாரு."

"என்ன இல்ல?"

"என் கையால வடிச்ச சோறு ஒரு பருக்கைகூட அவரு வாயில பட்டதில்லையாம். மாட்டு மேல சத்தியமாம். கட்டிக்கிட்டு வந்த மொத வாரத்துலேர்ந்து பாத்துப் பாத்துத் தானே வடிச்சுக்கிட்டாராம்." அவள் வார்த்தை வார்த்தையாகத் தமிழாக்கினாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல. "என்னிக்காவது ஒரு நா பிள்ளைக்கு உதவும்னு வாசல மூடாம வச்சிருந்தாராம்."

உலை பொங்கி நெருப்பில் வழிந்தது. கனகாம்பாள் எழுந்து போய் மூடியைத் தள்ளினாள். ஏசுவதற்கு வார்த்தையில்லாமல் அவள் நின்றதை அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை.

புஷ்பம் பானையை இறக்கினாள். கைகள் பழகிய வேலையைச் செய்தன. தட்டுப் போட்டுச் சாய்த்து வடித்தாள். கஞ்சி கொட்டும் ஆவியில் அவள் முகம் தெரியவில்லை. மஞ்சள் காமாலை வந்து கிடந்தாரே, அப்போது சோற்றைத் தொடவில்லை. நாக்குக்குப் பிடிக்கவில்லை என்று ரொட்டியும் பாலுமாக இருந்தார். சிசிலி கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளில் நெய்ச்சோறு ஆக்கியபோது வயிறு சரியில்லை என்றார். சிசிலி பிறந்த பதினாறு நாளும், பச்சை உடம்புக்காரி எழுந்திருக்காதே என்று அதட்டிவிட்டு அவரே அடுப்பூதினார். அவள் மாமியார் இல்லாத குறை தெரியவில்லையே என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அந்த மெழுகுவத்திகளை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனேக்கா," என்றாள். "வரிசைல நின்னு சொன்னேனே நேத்திக்கு. என்னைய ஏமாளின்னு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருக்குடி தெரியும்? நானே என் மவனுங்களுக்கு அவரக் காட்டித்தானே புத்தி சொன்னேன்."

"அரிசி நான் வாங்கினது. கல்லு நான் பொறுக்கினது. தண்ணி நான் எடுத்தது. வெறகு நான் ஒடச்சது. உலைல போடுற அந்த ஒரு நிமிசம் மட்டும் என் கை ஆகாது. அதுக்கு எனக்குப் புகை ஆகாதுன்னு பேரு!"

அந்தப் பக்கம் இலையில் சோறு விழும் சத்தம். காஞ்சி பரிமாறினாள். இன்னும் யாரும் கை வைக்கவில்லை. சுபேதார் சிசிலியைக் கூப்பிட்டார். குரலில் கொடுமை எதுவும் இல்லை. தாத்தா பேத்தியைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

உன் அப்பா நல்ல பதில் சொன்னார், மகளே. திங்கட்கிழமை நாங்கள் ஐந்து பேரும் தூதரகத்துக்கு வந்து நீ எங்கள் பெண் என்று சொல்லுவோம். நீ ஒன்று மட்டும் உன் வாயால் சொல்லிவிடு. நீ யார் வடித்த சோறு தின்று வளர்ந்தாய்?

மழை சற்று ஓய்ந்தது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும்.

"சொல்லு நானி," என்றது தன்வீரின் குரல், தமிழில். "பொய் சொல்லச் சொல்லல. நடந்தத்தான் கேக்குறாங்க."

"சொல்றேன்பா. கொஞ்சம் இருங்க."

சிசிலி பின்கதவைத் தள்ளிக்கொண்டு கனகாம்பாள் வீட்டுக்குள் வந்தாள். அம்மா இங்கேதான் இருப்பாள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையில் மழைத்துளிகள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன். போய்ச் சொல்லு. அப்பா வடிச்ச சோறுன்னு சொல்லு. உண்மைதான அது."

"உண்மைதான். அதுதாம்மா வயிறு எரியுது. பொய்யின்னா சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"இங்க பாரு. எனக்கு இருக்குற கோவம் என்னோடது. அத நீ தூக்கிட்டு அலையாத. நானும் அவரும் அடிச்சுக்க இன்னும் காலம் கெடக்கு. நீ போகணும். இங்க இருந்து என்ன ஆகப்போற? காலாமான்னு ஏச்சு வாங்கிட்டு, வரிசைல நின்னு நாத்த அரிசி வாங்கப் போறியா?"

"போகணும்னுதாம்மா இப்பவும் நெனக்கிறேன்." சிசிலியின் கண் வடித்த பானையின்மேல் இருந்தது. "நான் போனா திரும்ப மாட்டேன். அதுக்கப்பறம் இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேருதான். தெனம் சாயங்காலம் அவரு அந்த அகப்பையத் தூக்குவாரு. நீ பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. அங்க உக்காந்து நான் என்னத்தப் படிக்கிறது?"

"சிசிலி!"

"பெரியம்மா, ஒரு தட்டு குடுங்க."

கனகாம்பாள் மண்தட்டை எடுத்தாள். பிறகு அதைப் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, மகன் கல்யாணத்துக்கு வந்த வெண்கலத் தட்டை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்களுமா! அவ படிப்பு போயிரும்க்கா."

"போகுமோ வருமோ, நல்ல தட்டுல போகட்டும்."

சிசிலி சோறு போட்டாள். நாற்றமடிக்கும் அந்த அரிசி புஷ்பத்தின் கையில் பூவாக மலர்ந்திருந்தது. புஷ்பம் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியிருந்தது. பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், விட்டுவிட்டாள்.

சிசிலி பின்வாசலால் நுழைந்து, மெழுகிய தரையில் ஈரக்கால் வைத்து நடந்தாள். காஞ்சி 'ஐயோ' என்றாள். கிழவர்கள் ஐவரும் முழங்கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்; யாரும் எழுந்திருக்கவில்லை. இலைகளில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது.

சிசிலி சுபேதாரிடம் நேப்பாளியில் சொன்னாள்:

"யார் வடித்த சோறு என்று கேட்டீர்கள். அப்பா வடித்தது தின்றேன். அப்பா மாவ்பிக்கு மாடு வாங்கப் போன நாளெல்லாம் அம்மா வடித்த இந்தச் சோறு தின்றேன். எது அதிகம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ரத்தமாகத்தான் ஆனது."

சுபேதார் வாயைத் திறந்தார். அவருக்கு நேராக அவள் திரும்பவில்லை. குனிந்து, அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வெண்கலத் தட்டை வைத்தாள். ஆவி இன்னும் அடங்கவில்லை. தன்வீர் தட்டைப் பார்த்தார், கிழவர்களைப் பார்த்தார், பின்வாசலில், மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ளே கால் வைக்காமல் நின்ற புஷ்பத்தைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் சிசிலி தமிழில். "ஒரு வாய் சாப்பிடுங்க."